தரை நன்றாக இருந்தது

எங்கள் பகுதியில் ஒரு பழைய பங்களாவைப் புதுப்பித்து, தென்னிந்தியச் சாப்பாட்டுக்கென்றே உயர்தர உணவகம் ஒன்றைத் திறந்திருக்கிறார்கள். பெயர் வேண்டாம். சென்னையில் இதே அச்சில் இன்னும் சில உண்டு. வாசிப்பவர் தமக்குத் தெரிந்ததை நினைத்துக்கொள்ளலாம். வீட்டாரோடும் வெளியூர் விருந்தாளிகளோடும் நான் அங்கே பலமுறை சாப்பிட்டிருக்கிறேன். புகழ வேண்டியவை நிறைய இருக்கின்றன. பார்த்ததைப் பார்த்தபடி, எதையும் கூட்டாமல் எழுதுகிறேன்.

தரையிலிருந்து தொடங்குகிறேன். ஆத்தங்குடிக் கல் பதித்திருக்கிறார்கள். பார்வைக்கு ஒத்த நகல் அல்ல, அசல். காரைக்குடிக்குப் பக்கத்து ஆத்தங்குடியில் இதை இன்றும் கையால்தான் செய்கிறார்கள். கண்ணாடித் தகட்டின் மேல் அச்சை வைத்து, வண்ணம் கரைத்த சிமெண்டைக் கட்டம் கட்டமாக ஊற்றி, அச்சைத் தூக்கிவிட்டு, மேலே சிமெண்டும் மணலும் போட்டு அழுத்துவார்கள். பிறகு தண்ணீரில் ஊறவிட்டு வெயிலில் காயவைப்பார்கள். சூளை கிடையாது. அது தானாக இறுகும்வரை பொறுத்திருக்க வேண்டும், அவ்வளவுதான். பதித்த பிறகும் ஆட்கள் நடந்து நடந்துதான் மினுக்கம் ஏறும். இந்த உரிமையாளர் அவ்வளவு நாள் பொறுத்திருக்கிறார். பூவட்டம் கூடத்தின் நட்ட நடுவில் வரும்படி, எந்த மூலையிலும் கல் வெட்டுப்படாதபடி பதிக்கச் செய்திருக்கிறார். பொறுமையாகச் செய்த வேலையின் மதிப்புத் தெரிந்த மனிதர் என்று அந்தத் தரையைப் பார்த்தே சொல்லிவிடலாம்.

அந்தத் தரையில் போட்ட மேசைக்குத்தான் இட்லி வந்தது. பித்தளைத் தட்டைச் சூடாக்கி எடுத்து வந்திருந்தார்கள். தட்டைச் சூடாக்கும் அக்கறை எந்த ஓட்டலில் கிடைக்கும்? இட்லி நல்ல வெள்ளை. ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் அளவில் மயிரிழை வித்தியாசம் இல்லை. மூன்றையும் முக்கோணமாக அடுக்கி, உச்சியில் ஒரு கறிவேப்பிலைக் கொழுந்தைப் பொரித்து வைத்திருந்தார்கள். விரலை வைத்தால் தட்டு சுட்டது, இட்லி சுடவில்லை. ஓரம் காய்ந்து விளிம்பு கட்டியிருந்தது.

இட்லி ஏழைப் பண்டம். நாலு பங்கு இட்லி அரிசிக்கு ஒரு பங்கு உளுந்து என்பது பெரும்பாலான வீட்டுக் கணக்கு. உளுந்தைப் பொங்கப் பொங்க ஆட்டி, அரிசியோடு கலந்து உப்புப் போட்டு, கையால் கரைத்து மூடி வைத்தால், சென்னை வெக்கையில் எட்டு மணி நேரத்துக்குள் மாவு எழும்பிவிடும். மாவில் வளரும் நுண்ணுயிர் விடுகிற வாயுதான் அந்த மென்மைக்குக் காரணம். அது சம்பளம் கேட்பதில்லை. ஆனால் அவித்து இறக்கிய இட்லிக்கு ஆயுள் குறைவு. துணியிலிருந்து உரித்த சூட்டில் இலைக்கு வரவேண்டும். 2013-ல் தொடங்கிய அம்மா உணவகத்தில் ஒரு ரூபாய் இட்லியைக் காலையில் வரிசையில் நின்று வாங்கும் ஆட்டோக்காரருக்கு ஆவி பறக்கக் கிடைக்கிறது. அங்கே தட்டைச் சூடாக்க வேண்டிய அவசியம் வருவதில்லை.

மெனு கார்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். கைத்தாளில், தமிழிலும் அச்சடித்திருக்கிறார்கள். தேடித் தேடிப் பார்த்தும் ஒரு சந்திப்பிழை கண்ணில் படவில்லை. இந்த ஊரில் அது சின்னக் காரியம் இல்லை. ஒவ்வொரு பதார்த்தத்துக்கும் பிறந்த ஊரும் வரலாறும் உண்டு. வத்தக்குழம்புக்கு மட்டும் ஒரு முழுப் பத்தி. நல்லெண்ணெயில் சுண்டைவத்தல் கறுக்காமல் பொரிவது, சின்ன வெங்காயமும் பூண்டும் நிறம் மாறி வதங்குவது, புளிக்கரைசல் கொதித்துச் சுண்டுவது, கடைசியில் எண்ணெய் பிரிந்து மேலே மிதப்பது, அதுவரை அடுப்பை விட்டு நகராத ஒரு பாட்டி. எழுதியவர் அடுப்படியில் நின்றவர், சந்தேகமில்லை. எண்ணெய் பிரிகிற கட்டத்தைச் சொல்லத் தெரிந்தவருக்கு வத்தக்குழம்பு வைக்கத் தெரியும்.

குழம்பு மண்சட்டியில் வந்தது. மானாமதுரைச் சட்டி என்றார்கள். பழக்கி எடுத்த நல்ல சட்டிதான், விளிம்பில் ஒரு கீறல் இல்லை. குழம்பில் எண்ணெய் பிரிந்திருக்கவில்லை. புளியின் பச்சை வாடை போயிருக்கவில்லை. மாவு கரைத்துவிட்டுக் கெட்டியாக்கி, புளிப்பை அமுக்க வெல்லத்தைத் தாராளமாகப் போட்டிருந்தார்கள். அந்தப் பத்தியை எழுதியவரை ஒருநாள், ஒரே ஒருநாள், அடுப்புப் பக்கம் நிற்க வைத்திருக்கலாம் என்று எனக்குத் தோன்றியது. அவர் எழுத்துக்கு அந்த மரியாதை கிடைக்க வேண்டும்.

ரசத்தை நீண்ட காம்பு வைத்த கண்ணாடிக் கோப்பையில் கொடுத்தார்கள். மெல்லிய, விலை உயர்ந்த கண்ணாடி. விளக்கொளியில் ரசத்தின் நிறம் அழகாகத் தெரிந்தது. கோப்பை கையைச் சுடவில்லை. சுடாமல் இருப்பதற்குக் காரணம் உண்டு. கொதிக்கும் ரசத்தை ஊற்றினால் அந்த மாதிரிக் கண்ணாடி விரிசல் விடக்கூடும். ஆகவே ரசம் கோப்பைக்கு இசைந்து நடந்துகொண்டது. ரசத்தை நுரை கூடும்போது இறக்கி, நெய்யில் கடுகு தாளித்துக் கொட்டி, மல்லித்தழையைக் கிள்ளிப் போட்டு மூடுவார்கள். அந்த மூடியைத் திறந்ததும் மூக்குக்கு ஏறுகிற மணம்தான் ரசம். ஆறவைத்து, மறுபடி சூடாக்கி, மறுபடி ஆறவைத்தால் மிளகின் காரமும் புளியும் மிஞ்சும். மணம் மிஞ்சாது.

காபியின் டபரா பித்தளை. உள்ளே ஈயம் பூசியிருந்தது. ஈயம் பூசுகிறவர்களே தெருவில் வராத காலத்தில் அவர்களைத் தேடிப் பிடித்து வேலை கொடுத்திருக்கிறார்கள், நல்ல காரியம். டிகாக்ஷன் காலையில் இறக்கியது.

ஒருமுறை நண்பரின் தாயாரை அழைத்துப் போயிருந்தோம். காரைக்குடிப் பக்கம், எண்பதைத் தொடுகிற வயது. எல்லாருக்கும் ஆச்சி. உப்புக்கறி கேட்டார். ஆட்டுக்கறி, சின்ன வெங்காயம், பூண்டு, வரமிளகாய், உப்பு, நல்லெண்ணெய். அவர்கள் வீட்டில் உப்புக்கறியில் இதற்கு மேல் பெரிதாக எதுவும் போட மாட்டார்கள். கறி தன் தண்ணீரிலேயே வேக வேண்டும், அதுதான் அதில் வித்தை. மேசைக்கு வந்ததில் பட்டை, சோம்பு, கல்பாசி, மராட்டி மொக்கு எல்லாம் இருந்தன. செட்டிநாட்டு அஞ்சறைப்பெட்டியில் உள்ள ஒன்றையும் விடவில்லை. ஆச்சி அமைதியாகச் சாப்பிட்டார். எழுந்திருக்கும்போது மேலாளர் வந்து குனிந்து, “எப்படி இருந்துச்சும்மா?” என்றார். ஆச்சி அவர் கையைப் பிடித்துக்கொண்டு, “வீட்டை நல்லா வச்சிருக்கீக தம்பி. தூணெல்லாம் தொடச்சு, கல்லெல்லாம் மினுங்குது. இப்படி யாரு வச்சுக்குறா இப்ப?” என்றார். அவர் மகிழ்ந்துபோனார். ஆச்சி பொய் சொல்லவில்லை. செட்டிநாட்டில் பூட்டிக் கிடக்கும் வீடுகளைப் பார்த்து வருந்துகிறவர் அவர். உண்மையாகவே அந்தத் தூண்களைப் பார்த்து அவருக்குச் சந்தோஷம்.

உணவு அறைக்கும் அடுக்களைக்கும் நடுவே பெரிய கண்ணாடி. உள்ளே நடப்பதை வாடிக்கையாளர் பார்க்கலாம். மறைக்க ஒன்றுமில்லை என்று காட்டுவது நல்ல எண்ணம், சுத்தமும் குறை சொல்ல முடியாதது. செப்பு அண்டாக்களும் உருளிகளும் அளவு வாரியாகத் தொங்குகின்றன. ஒன்றின் அடியிலும் கரி இல்லை. கரண்டிகளில் நெளிவு இல்லை. புறநானூற்றின் 95-ஆம் பாட்டு எனக்கு அங்கேதான் முழுதாகப் புரிந்தது. அதியமானுக்காகத் தொண்டைமானிடம் தூது போன ஔவையாருக்கு அவன் தன் படைக்கலக் கொட்டிலைக் காட்டுகிறான். மயிற்பீலி அணிந்து, மாலை சூடி, காம்பு திருத்தி, நெய் பூசிக் காவலோடு இருக்கும் வேல்களை ஔவை வாயாரப் புகழ்கிறார். எங்கள் அரசனுடையவை பகைவரைக் குத்தி நுனி முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்கிறார். ஔவையும் ஒரு சொல் பொய் சொல்லவில்லை. வேல்கள் உண்மையிலேயே பளபளத்தன. அந்தப் பாட்டின் முடிவில் ஔவை அதியமானை எதனால் அடையாளம் காட்டுகிறார் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. இருந்தால் எல்லாருக்கும் சோறு கொடுப்பவன், இல்லாத நாளில் இருப்பதை எல்லாரோடும் சேர்ந்து உண்பவன் என்கிறார். வீரத்தைப் பேசவந்த பாட்டு சோற்றில் வந்து நிற்கிறது.

விலையைப் பற்றி எனக்கு முறையீடு இல்லை. பங்களாவுக்கு வாடகை உண்டு, தூண் துடைப்பவருக்குச் சம்பளம் உண்டு. நம் சாப்பாடு மலிவாகத்தான் இருக்க வேண்டும் என்ற பேச்சு எனக்குப் பிடிக்காது. பிற நாட்டுச் சாப்பாட்டுக்கு ஆயிரங்களை எண்ணி வைக்கிறவர்கள், தோசைக்கு நூறு ரூபாய் கூடினால் கொதிக்கிறார்கள். நத்தம் பக்கத்துக் கிராமத்தில் பிறந்த விஜய் குமார், நியூயார்க்கில் ‘செம்ம’ உணவகத்தில் நத்தைப் பிரட்டலை மெனுவில் வைத்தார். வயற்காட்டில் நத்தை பொறுக்கிச் சமைத்த வீட்டுப் பிள்ளை அவர். சிறுவயதில் அந்தச் சாப்பாட்டைச் சொல்ல வெட்கப்பட்டிருக்கிறார். 2022-ல் அந்த உணவகத்துக்கு மிஷலின் நட்சத்திரம் கிடைத்தது, 2025-ல் நியூயார்க் மாநிலத்தின் சிறந்த சமையற்கலைஞருக்கான ஜேம்ஸ் பியர்ட் விருது அவருக்குக் கிடைத்தது. விருதை வேட்டி கட்டிக்கொண்டு போய் வாங்கினார். உயர்ந்த விலையும் ஊர்ச் சமையலும் ஒரே மேசையில் உட்காரலாம். எங்கள் பகுதி உணவகத்தின் மேல் எனக்கு ஆதங்கம் வருவதே அதனால்தான். முடியாத காரியமாக இருந்தால் தரையைப் புகழ்ந்துவிட்டு வீட்டுக்கு வந்திருப்பேன்.

யார் வருகிறார்கள் என்பதையும் பார்த்திருக்கிறேன். முதல் சம்பளத்தில் அப்பா அம்மாவை அழைத்துவரும் பையன்கள் வருகிறார்கள். பக்கத்து மேசையில் ஒரு குடும்பம். அம்மா ஒவ்வொன்றாக வாயில் போட்டு, பில் தொகையை ஓரக்கண்ணால் பார்த்து, மகனிடம் “நல்லா இருக்குப்பா, ஏசி ஜிலுஜிலுன்னு இருக்கு” என்றார். அப்பா கறிவேப்பிலையைக்கூட ஒதுக்காமல் சாப்பிட்டார். பிள்ளையின் காசு வீணாகக் கூடாது. அந்தப் பிள்ளைக்கு அன்று கிடைத்திருக்க வேண்டியது கிடைக்கவில்லை. இதை நினைத்தால் எனக்குக் கோபம் வருகிறது.

பில் அட்டை தோலில் தைத்தது, பக்கத்தில் சோம்பும் கற்கண்டும். சாப்பாட்டு விலை, 5 சதவீத ஜிஎஸ்டி, அதற்கு மேல் 10 சதவீதம் சேவைக் கட்டணம் என்று கூட்டல் பிசகாமல் இருந்தது. சேவைக் கட்டணத்தைத் தானாகப் பில்லில் சேர்க்கக் கூடாது, தருவதும் தராததும் வாடிக்கையாளர் விருப்பம் என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலை 4 அன்று வழிகாட்டுதல் வெளியிட்டது. உணவகச் சங்கங்கள் வழக்குப் போட்டன. டெல்லி உயர் நீதிமன்றம் 2025 மார்ச் 28 அன்று அந்த வழிகாட்டுதல் செல்லும் என்று தீர்ப்பளித்தது. முறையிட 1915 என்ற எண் இருக்கிறது. எங்களுக்கு அது தேவைப்படவில்லை. எடுத்துச் சொன்னதும் மறுபேச்சில்லாமல் வேறு பில் கொண்டுவந்தார்கள், முகமும் கோணவில்லை. அந்தத் தொகையை நான் எங்களுக்குப் பரிமாறிய பையன் கையில் கொடுத்தேன். அவன் அதற்கு முழுத் தகுதி உடையவன்.

அவனைப் பற்றிச் சொல்லாவிட்டால் இந்தப் புகழ்ச்சி முடியாது. ஒடிசாவிலிருந்து வந்தவன். இங்கே வந்துதான் தமிழ் கற்றிருக்கிறான். மெனு கார்டில் உள்ள கதைகளை எல்லாம் தடங்கலில்லாமல் சொல்கிறான். மங்கல் வெளிச்சத்தில் எழுத்துத் தெரியாமல் நான் கார்டைத் தள்ளிப் பிடித்தபோது, கேட்காமலே தன் போனில் விளக்கைப் போட்டுப் பிடித்தான். குழம்பைத் திருப்பி அனுப்பினால் உள்ளே என்ன பேச்சு வாங்குவான் என்பது அவன் கண்ணில் தெரியும், ஆனாலும் “மாத்திக் கொண்டாரவா சார்?” என்று அவனே கேட்பான். அடுக்களையின் குறைக்கெல்லாம் முகம் கொடுப்பவன் அவன்தான். அந்தக் கட்டடத்தில் எனக்கு மிகவும் பிடித்தது அவன் வேலை.

ஒருநாள் கூட்டம் இல்லாத நேரத்தில் அவனிடம், “நீங்க எல்லாம் இங்க என்னப்பா சாப்பிடுவீங்க?” என்றேன்.

“ஸ்டாஃப் சாப்பாடு வேற சார்.”

“இன்னைக்கு என்ன?”

அவன் முகம் மாறியது. மெனுக் கதை சொல்லும்போது வராத சிரிப்பு வந்தது. “முட்டைக் குழம்பு சார். மாஸ்டர் செஞ்சாரு. அவருக்குத் தேனி பக்கம். சின்ன வெங்காயம் நிறைய, மிளகு, சீரகம், தேங்கா எல்லாம் வறுத்து அரைச்சு... முட்டையை உடைச்சு அப்படியே கொதியில விடுவாரு. நான் ரெண்டு தடவை சோறு வாங்குனேன் சார்.”

ஆக, உள்ளே சமைக்கத் தெரிந்தவர் இருக்கிறார். வத்தக்குழம்புக்கு மாவு கரைத்துவிடுகிற கைதான் மாலை நாலு மணிக்கு இந்தக் குழம்பையும் வைக்கிறது. இதில் மர்மம் எதுவும் இல்லை. எங்களுக்குக் கொடுக்கும் மெனுவில் பக்கம் பக்கமாகப் பதார்த்தங்கள் இருக்கின்றன. அத்தனையையும் கேட்ட நேரத்தில் புதிதாகச் சமைக்க எந்த மாஸ்டராலும் முடியாது. வெங்காயம் தக்காளி வதக்கிய அடிப்படைக் கிரேவி இரண்டு மூன்றைக் காலையிலேயே செய்து, ஆறவைத்து, பங்கு போட்டுக் குளிர்பெட்டியில் அடுக்கிவிடுவார்கள். ஆர்டர் வந்ததும் எடுத்துச் சூடாக்கி, ஒன்றில் மிளகுத்தூள், ஒன்றில் தேங்காய்ப்பால் சேர்த்து அனுப்புவார்கள். பேர் வேறு, ஊர் வேறு, வரலாறு வேறு, வாயில் வைத்தால் எல்லாம் ஒன்று. ஸ்டாஃப் சாப்பாடோ ஒரே அண்டா. அப்போதே வைத்து, வைத்தவரும் கூட உட்கார்ந்து, அப்போதே சாப்பிடுவது. உப்புக் குறைந்தால் சொல்ல இருபது பேர் இருக்கிறார்கள். மயிலாப்பூரில் ராயர் மெஸ்ஸும், பொன்னம்பல வாத்தியார் தெருவில் ஜன்னல் வழியாகவே கொடுக்கும் ஜன்னல் கடையும் பல ஆண்டுகளாக நிற்பது இந்தக் கணக்கில்தான். சில பதார்த்தங்கள், சூடாக, தீர்ந்தால் தீர்ந்தது.

போகும்போது கருத்துப் படிவம் கொடுத்தார்கள். கெட்டித் தாள், நல்ல பேனா. நிறைய எழுத இடம் விட்டிருந்தார்கள். தரை, தூண், விளக்கு, மெனுத் தமிழ், பையனின் பரிமாறல் எல்லாவற்றையும் பாராட்டி எழுதினேன். கீழே, மெனுவை ஒரு பக்கமாகக் குறையுங்கள், எதை எடுத்தாலும் மாஸ்டரின் முட்டைக் குழம்பைச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று எழுதிக் கொடுத்தேன். மேலாளர் அங்கேயே நின்று படித்தார். நல்ல மனிதர், கோபப்படவில்லை. யோசித்துவிட்டு, “அது சாதாரண ஐட்டம் சார். முட்டைக் குழம்புக்கு என்ன விலை போட முடியும்?” என்றார்.

“இப்ப வத்தக்குழம்புக்கு வாங்குறீங்களே, அதையே போடுங்க,” என்றேன். “மாஸ்டர் வைக்கிற நேரத்தை மட்டும் சொல்லுங்க, நாலு மணின்னா நாலு மணிக்கே வந்துடறோம்.”